விருச்சிக ராசிக்கு நலம்

1

என் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறப்பது எனக்குப் புதிதில்லை. சிங்கப்பூருக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் திறக்கிறார்கள். உள்ளே கருவாடு இருக்கும், வடகம் இருக்கும், பண்ருட்டி முந்திரி இருக்கும். அவர்கள் மோந்து பார்ப்பார்கள், நான் சிரிப்பேன், மூடிக்கொண்டு வந்துவிடுவேன். 2009இல் பொங்கல் முடிந்து திரும்பிய அன்று மட்டும் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றது சின்ன வயசுப் பெண், இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். பெட்டியின் அடியிலிருந்து ஓர் எவர்சில்வர் சம்படத்தை எடுத்தாள். நான் கிளம்பும்போது வசந்தா அக்கா துணி சுற்றிக் கொடுத்த சம்படம். "அங்க போயி பிரி, வழியில தொறக்காத" என்று சொல்லியிருந்தாள். அதிரசம் என்று நினைத்து, எண்ணெய் கசியாமல் இருக்க இரண்டு லுங்கிக்கு நடுவில் வைத்திருந்தேன்.

உள்ளே அதிரசம் இல்லை. தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள் நாலாக மடித்து மடித்து அடுக்கியிருந்தன. ஒவ்வொரு தாளிலும் ஒரு குட்டிக் கவர். ஒவ்வொரு கவருக்குள்ளும் ஒரு வெள்ளை மாத்திரை.

"ஐயா, இது என்ன மருந்து?"

"தெரியலம்மா."

"யாருக்கு?"

"தெரியலம்மா."

"யார் கொடுத்தாங்க?"

"எங்க அக்கா."

அவள் ஒரு தாளைப் பிரித்து, ராசிபலனில் கண்ணில் பட்ட வரியை, "விருச்சிகம், நலம்" என்று வாசித்தாள். இன்னொன்றைப் பிரித்து, "விருச்சிகம், சுகம்" என்றாள். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழுக்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு வேலை கிடைத்த சந்தோஷம் அவள் குரலில் தெரிந்தது. "உங்க அக்கா ஜோசியரா?" என்று கேட்டாள்.

அப்புறம் மேலதிகாரி வந்தார். மாத்திரையைத் திருப்பிப் பார்த்து, சாதாரண ரத்த அழுத்த மாத்திரைதான் என்று கண்டுபிடித்தார். ஒரு படிவம் கொடுத்தார்கள். கொண்டுவந்த நோக்கம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்து, அன்பளிப்பு என்று எழுதினேன். விட்டுவிட்டார்கள்.

இந்தக் கதையை மூன்று வருஷமாக விருந்து வீடுகளில் சொல்லி, எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டுத்தான் சொல்வேன். போன வாரம் ஊரிலிருந்து ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகும் அந்தப் பகுதியை மறைத்து வைப்பது நியாயமாகப் படவில்லை. அதனால் எழுதுகிறேன். என் பெண்ணும் இதைப் படிப்பாள், படிக்கட்டும்.

2

நான் கடலூர் முதுநகர்க்காரன். இங்கே ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளன். கயிறு சரியாக இருக்கிறதா, தொப்பி போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக் கட்டம் கட்டமாக டிக் அடிப்பது என் தொழில். இருபது வருஷம் டிக் அடித்தால் ஒரு ஞானம் வரும். வேலை நடந்ததா என்பதைவிட, நடந்ததாகக் காகிதம் சொல்கிறதா என்பதுதான் முக்கியம் என்ற ஞானம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் எல்லோருக்கும் ஒரே புலம்பல். பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை, ஊரை மறந்துவிட்டார்கள், கைவிட்டுப் போய்விட்டார்கள் என்று. என் மகள் மலரும் கைவிட்டுத்தான் போனாள். ஆனால் எதிர்த் திசையில் போனாள்.

இங்கே மருத்துவம் படிக்க இடம் கிடைக்கவில்லை. 2005இல் வெளிநாடு வாழ் இந்தியர் ஒதுக்கீட்டில் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் சேர்த்துவிட்டேன். சேர்ப்பதற்கு, அவள் என் மகள்தான், நான் இந்தியன்தான், நான் இந்தியாவில் இல்லைதான் என்று மூன்று தனித்தனிச் சான்றிதழ் கேட்டார்கள். கடைசிச் சான்றிதழுக்கு நான் இந்தியாவுக்கு நேரில் வர வேண்டும் என்றார்கள். வந்து, கடலூரில் ஓர் அலுவலகத்தில் நின்று, நான் இங்கே இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மலர் இங்கே பள்ளிக்கூடத்தில் படித்த தமிழோடு போனாள். முதல் வாரம் விடுதிச் சமையல்காரரிடம், "ஐயா, குளிர்ந்த நீர் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் பயந்துபோய் எழுந்து நின்றாராம். ஒரே வருஷம்தான். சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றங்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா வீட்டுக்குச் சனி, ஞாயிறு போய் வந்தாள். இரண்டாம் வருஷம் போனில், "அப்பா, நீ பேசுறது ஒண்ணும் வெளங்கல, லைன்ல எரைச்சல் ஜாஸ்தியா இருக்குது, அப்பறம் பேசுறேன்" என்றாள். வெலவெலத்துப் போனேன். என் மனைவி சுமதிக்கு ஒரே சிரிப்பு. "உங்க அக்காவே பேசுற மாதிரி இருக்கு" என்றாள்.

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. என்னைவிட எட்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். நான் கப்பலேறிய புதிதில் வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். எல்லாக் கடிதமும் "இவ்விடம் நான் நலம்" என்றுதான் ஆரம்பிக்கும். பட்டறையில் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தபோதும் அப்படித்தான் எழுதினேன். கடிதம் பிறகு மாதம் ஒரு போன் ஆயிற்று. போன் பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்று ஆயிற்று. குறைந்ததற்குக் காரணம் வேலை என்று சொல்லிக்கொண்டேன். எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

3

மூன்றாம் வருஷத்தில் மலருக்கு ஒரு யோசனை வந்தது.

அக்கா ஊரில் ரத்த அழுத்தக்காரர்கள் நிறையப் பேர். கல்லூரி முகாமில் மாத்திரை இலவசமாகக் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு போவார்கள். போடமாட்டார்கள். கேட்டால், மறந்துபோச்சு என்பார்கள். மலர் பார்த்தாள். மாத்திரையை மறக்கிற இதே ஜனங்கள், காலையில் எழுந்ததும் தினசரி காலண்டரில் தாள் கிழிப்பதை மட்டும் ஒரு நாள்கூட மறப்பதில்லை. அக்கா வீட்டில் கலியபெருமாள் மாமா பல் விளக்கும் முன்னால் தாளைக் கிழித்துவிடுவார். கிழித்ததைப் படித்து, ராகு காலம், எமகண்டம், ராசிபலன் எல்லாம் வீட்டுக்கே அறிவிப்பார்.

அப்படியானால் அந்தத் தாளிலேயே மாத்திரையை ஒட்டிவிட்டால்? தாளைக் கிழித்தால் மாத்திரை கையில் வந்துவிடும், மறக்க வழியே இல்லை. மகளிர் குழுவில் உள்ள பெண்கள் மாதா மாதம் வீடு வீடாகப் போய், முப்பது தாளுக்கும் குட்டிக் கவரில் மாத்திரை போட்டுப் பின் அடித்துவிடுவார்கள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மலர் பி.பி. மெஷினோடு போய் அளந்து பார்ப்பாள். எனக்குப் போனில் சொன்னபோது உடம்பு சிலிர்த்தது. என் பெண் என்ன மூளைக்காரி என்று அன்றைக்கு முழுக்கப் பட்டறையில் கயிறு பார்க்காமல் நடந்தேன்.

சிலிர்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெளிநாட்டுத் தகப்பனால் ஒரு நல்ல காரியத்தைச் சும்மா விட முடியாது. காலண்டர் என் உபயம் என்று சொல்லிவிட்டேன்.

நம் ஊரில் உபயம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். கோயிலுக்கு டியூப் லைட் கொடுத்தால், வெளிச்சமே வராதபடி அதன்மேல் பெயர் எழுதுவோம். நானும் அந்த மண்ணில் பிறந்தவன்தான். முதுநகரில் ஒரு அச்சகத்துக்குப் போன் போட்டேன். அட்டையில் முருகன், முருகனுக்கு வலப்பக்கம் கோட்டு சூட்டில் நான். விஷயம் தெரிந்ததும் மலரின் பேராசிரியர், சமூக மருத்துவத்தில் பெரிய படிப்பாளி, தனக்கும் ஒரு போட்டோ இருந்தால் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் என்றார். இடப்பக்கம் அவர். முருகன் ஒடுங்கிப்போய் நடுவில் நின்றார்.

"அப்பா, போட்டோல்லாம் வேணாம்ப்பா. அது மருந்துக்குக் காலண்டர், கல்யாண பேனர் இல்ல" என்றாள் மலர்.

"உங்க அத்தைக்கு தெனம் காலைல என் முகத்தைப் பாத்த மாதிரி இருக்கும்டா" என்றேன். 

இதோடும் நிறுத்தவில்லை. அச்சகக்காரர் மாதிரித் தாளைப் படித்துக் காட்டினார். மேஷம் பயம், ரிஷபம் நஷ்டம், மிதுனம் கவலை என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் காசில், என் போட்டோவுக்குக் கீழே, என் ஊர் ஜனங்களுக்குப் பயமும் நஷ்டமுமா?

"இதெல்லாம் வேண்டாங்க. நலம், சுகம், ஆரோக்கியம்னு போடுங்க" என்றேன்.

"தாளு ரெடியா கட்டு கட்டா வருது சார். பலனெல்லாம் ஜோசியரு கணிச்சுக் குடுக்குறது."

"நீங்க தனியா அடிச்சுக் குடுங்க. செலவு என்னுது."

"பன்னெண்டு ராசிக்கும் நல்லதாவே போட்டா நம்பமாட்டாங்களே சார். நடுவுல கொஞ்சம் செலவு, அலைச்சல்னு போட்டுக்கட்டுமா?"

"கொஞ்சமா போடுங்க" என்று பெரிய மனசு பண்ணி அனுமதித்தேன். மலரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லுகிற அளவுக்குப் பெரிய விஷயமாக அப்போது தோன்றவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. யார் ஒழுங்காக மாத்திரை போடுகிறார்கள் என்பதை எப்படிக் கணக்கெடுப்பது என்று மலர் குழம்பினாள். வீடு வீடாகப் போய் உட்கார்ந்து விசாரிக்கலாம் என்றாள். அதற்குத்தானே இருபது வருஷ ஞானம் வைத்திருந்தேன். "மனுஷங்க பொய் சொல்லுவாங்கம்மா, காகிதம் சொல்லாது. தாள் கிழிஞ்சிருக்கா பாரு, டிக் அடி, வந்துகிட்டே இரு" என்றேன். பேராசிரியருக்கும் அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

4

2008 முழுக்க ஒரு வீடு தப்பாமல் தாள் கிழிந்தது. கிழியாமல் என்ன செய்யும்? மாத்திரை இல்லாவிட்டாலும் கிழித்திருப்பார்கள். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் பி.பி.யும் பரவாயில்லாமல்தான் இருந்தது. அக்காவுடையது எல்லோரையும்விட நன்றாக இருந்தது.

வருஷக் கடைசியில் மருத்துவ மாணவர்களின் மாநாடு ஒன்றில் மலருக்குக் கேடயம் கொடுத்தார்கள். ஆராய்ச்சி, புத்தாக்கம், சமூகத் தலைமை என்ற மூன்றும் ஒருங்கே அமைந்த மாணவி என்று அதில் பொறித்திருந்தது. அந்தப் போட்டோவை நான் யாருக்கெல்லாம் அனுப்பினேன் என்று கேட்காதீர்கள். என் பல் டாக்டருக்கும் அனுப்பினேன்.

2009 பொங்கலுக்குப் போனேன். அக்கா வீட்டுச் சுவரில் என் காலண்டர், கடைசித் தாளும் கிழிந்து, வெறும் அட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. புது வருஷக் காலண்டர் பக்கத்திலேயே இருந்தாலும், இதைக் கழற்றவில்லை. அட்டைக்கு மேலே ஒரு முழம் கனகாம்பரம். முருகனுக்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவமானப்படுவேன் என்று விட்டுவிட்டேன்.

அக்கா கொஞ்சம் வீங்கினாற்போல் இருந்தாள். அடுப்படியிலிருந்து எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாக்கா, தலை சுத்துதா?"

"ஒண்ணுமில்லடா. புகை. உனக்குத்தான் பி.பி. இருக்குதாமே. சுமதி சொன்னா. மாத்திரை போடுறியா?"

"போடுறேன், போடுறேன்."

போடவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. காலையில் நடக்கிறேன், உப்பைக் குறைத்துக்கொண்டேன், அதுவே போதும் என்று அட்டை அட்டையாக மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிளம்பும் அன்று அந்தச் சம்படத்தைக் கொண்டுவந்து என் பெட்டியில் அவளே வைத்தாள்.

5

சுங்கத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் மலருக்குப் போன் போட்டேன். நியாயமாகப் பார்த்தால் சிரிக்கவைக்கத்தான் போட்டேன். "உங்க அத்தை பண்ண வேலையப் பாத்தியா" என்று ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எத்தன தாளு இருக்குது?"

"நெறைய இருக்கும்மா. சம்படம் பூரா."

"ஒண்ணையும் தூக்கிப் போட்டுராத. தேதி வாரியா அடுக்கு. ஒவ்வொண்ணா படி. தேதியும் படி, மத்ததெல்லாமும் படி."

கூடத்துத் தரையில் உட்கார்ந்து சுமதியும் நானும் அடுக்கினோம். நான் படித்தேன், மலர் அந்தப் பக்கம் எழுதிக்கொண்டாள். ஜனவரி முடிந்து பிப்ரவரி பாதியில், "இரு. மாசக் கடைசி ஞாயித்துக்கு முன்னாடி நாலு நாளு தாளு ஒண்ணுமே இல்லியா?" என்றாள். பார்த்தேன். எந்த மாதத்திலும் இல்லை.

அந்தப் பக்கம் அவள் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "அத்தை நான் வர்ற ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி நாலு நாளு மட்டும் ஒழுங்கா போட்டிருக்குது. மெஷின்ல ஏறிடும்னு" என்றாள். "சரி, மிச்ச நாள்ல ஏன் போடல? அத்தை ராசி விருச்சிகத்துக்கு என்னா போட்டிருக்குது, அத மட்டும் படி."

நலம். சுகம். நலம். ஆரோக்கியம். நலம். நலம். சம்படத்தில் செலவு என்று போட்ட தாள் ஒன்றுகூட இல்லை. அலைச்சல் என்று போட்டதும் இல்லை. அந்த நாட்களிலும் அக்கா மாத்திரை போட்டிருக்கிறாள். நலம் என்று காலண்டரே சொன்ன நாட்களில் எடுத்து வைத்துவிட்டாள். பக்கத்தில் சுமதி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாப்பா இது, வருஷம் பூரா நலம்னு எவனாவது போடுவானா? இது யாரு பண்ண வேல?" என்று கேட்டாள் மலர்.

கேள்வி நேராகத்தான் வந்தது. பதிலும் நேராக வந்திருக்க வேண்டும்.

"அச்சகத்துல ஏதோ தப்புப் பண்ணிட்டாங்க போலிருக்கும்மா" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். புதன்கிழமை. சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று அக்கா கையில் பட்டையைச் சுற்றியிருக்கிறாள். மெஷின் என்ன காட்டியது என்று இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. மாமா கார் பிடித்து வந்தார். சிதம்பரம் வருவதற்குள் அக்காவுக்கு வலது கை உணர்ச்சியில்லாமல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்து அக்கா என்னோடு பேசினாள். பேச்சு கொஞ்சம் குழறியது.

"சம்படத்தப் பிரிச்சியா? கெடைச்சுதா?"

"ஏங்க்கா இப்பிடிப் பண்ண?"

"எனக்கு நலம்னு போட்ட நாளுல எனக்கெதுக்குடா மாத்திர? உனக்குத்தான் ஆவும். அங்க டாக்டரப் பாக்க லைன்ல நிக்கணுமாமே."

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. "மச்சான், தாளப் படிச்சுச் சொன்னது நான்தான் மச்சான். நான் படிச்சுருக்கக் கூடாது." அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார். தப்பு உங்கள் மேல் இல்லை மாமா, எழுதியவன் மேல்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வாய்க்கு வெளியே வரவில்லை.

6

இது நடந்து மூன்றாவது வாரம் சிங்கப்பூரில் எங்கள் ஊர்க்காரர்கள் சங்கத்தில் எனக்குப் பாராட்டு விழா. சாதித்தவள் மகள். அவள் வர முடியாததால் தகப்பனுக்குப் பொன்னாடை. ஒரு மாதத்துக்கு முன்னாலேயே மண்டபம் பிடித்து, பேனர் அடித்துவிட்டார்கள். ஆராய்ச்சி, புத்தாக்கம், சமூகத் தலைமை என்று மூன்று வண்ணத்தில் எழுதி, நடுவில் மலர், ஓரத்தில் நான்.

அதற்குள் மலர் அந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் திரும்பப் போயிருந்தாள். இந்தத் தடவை தாளைப் பார்க்கவில்லை, மாத்திரை எங்கே என்று கேட்டாள். குங்குமச் சிமிழிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். டி.வி. பெட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினார்கள். ஒரு வீட்டில் ஆட்டுக்குப் போட்டுவிட்டார்களாம். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள், நலம்னு போட்டிருந்துதே என்று.

கேடயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டதாகப் போனில் சொன்னாள். பேராசிரியர் பாவம், திருப்பி வாங்கிக்கொள்வதற்கு விதியே இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். கடைசியில், "சரி, தோத்ததையும் எழுதும்மா, அதையும் எவனாவது எழுதணும்ல" என்று அவரே உட்கார்ந்து திருத்திக் கொடுத்திருக்கிறார். அந்தக் கட்டுரையில் காலண்டர் பலன்கள் அச்சகத்தின் தவறு என்று ஒரு வரி உண்டு. நான் சொன்னதை நம்பி என் பெண் எழுதிய வரி.

"அப்பா, நீ மேடையில உண்மையச் சொல்லிடு. கேடயம் இல்லன்னு சொல்லிடு" என்றாள்.

சொன்னேன். அதுவரை என்னை மெச்சிக்கொள்ளலாம். மேடையேறி, ஆராய்ச்சி தோற்றது, கேடயம் திரும்பிப் போய்விட்டது என்று சொன்னேன். பிறகு கைதட்டினார்கள் பாருங்கள், கேடயத்துக்குக்கூட அவ்வளவு தட்டியிருக்கமாட்டார்கள். என்ன நேர்மை, என்ன வளர்ப்பு என்று ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பொன்னாடை இரண்டாகப் போட்டார்கள். அந்த நலமும் சுகமும் யார் வாங்கிக் கொடுத்தது என்ற ஒரு தகவல் மட்டும் நேரமின்மை காரணமாக என் உரையில் விடுபட்டது.

7

மலர் அடுத்துச் செய்தது ரொம்பச் சின்னக் காரியம். காகிதத்தையே விட்டுவிட்டாள். மாத்திரைக்காரர்கள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்துகொள்ள வேண்டும். தினம் காலையில் ஒருவர் எதிரில் ஒருவர் மாத்திரை போட வேண்டும், அவ்வளவுதான். நடக்க முடியாதவர்கள் போனில். எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்துகொண்டார்கள். அக்காவுக்குப் பக்கத்து வீட்டோடு தென்னை மரத் தகராறு. "எனக்கு என் தம்பிதான்" என்று சொல்லிவிட்டாள்.

அப்படித்தான் 2009இலிருந்து தினமும் ஊரில் ஆறரை, எனக்கு ஒன்பது மணிக்குப் பட்டறையில் போன் அடிக்கும். இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு, "ம், போடு" என்பாள். அவள் விழுங்குவது எனக்குக் கேட்கும், நான் விழுங்குவது அவளுக்குக் கேட்கும். முதல் வாரம் நான் தண்ணீரை மட்டும் குடித்துக் காட்டினேன். "தண்ணி எறங்குற சத்தம் வேற, மாத்திர எறங்குற சத்தம் வேறடா. நடிக்காத" என்றாள். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு பாதுகாப்பு ஆய்வில்கூட நான் இப்படிப் பிடிபட்டதில்லை. இழுப்பறையைத் திறந்தேன். அன்றிலிருந்து போடுகிறேன்.

மாத்திரை ஒரு நிமிஷம். அதற்கப்புறம் கோழி முட்டை வைக்காதது, மாமா சொல்பேச்சுக் கேட்காதது, நூறு நாள் வேலையில் யார் பெயர் விட்டுப்போயிற்று என்பது. அவள் வலது கை முழுசாகத் திரும்பவில்லை. கோலத்தை இடது கையால் போடப் பழகிக்கொண்டாள். மலர் படிப்பு முடிந்தும் திரும்பி வரவில்லை. கடலூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறாள். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் இப்போதெல்லாம் அத்தை வீட்டு முகவரியைத்தான் எழுதுகிறாள். நான் கேட்டதற்கு, "பின்ன?" என்றாள்.

போன டிசம்பர் கடைசியில் புயல் அடித்தது. கடலூர் நாசமாய்ப் போனதை நீங்கள் நேரில் பார்த்தவர்கள், நான் டி.வி.யில் பார்த்தவன். போன் கிடைக்கவில்லை, மலருடையதும் கிடைக்கவில்லை. ஒன்பது மணிக்கு நான் போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அடிக்காது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நாலாம் நாள் என்று போயிற்று. அக்காவுக்கு மாத்திரை இருக்கிறதா, நனைந்துவிட்டதா, மறுபடி கை விழுந்துவிட்டதா, ஆளே இருக்கிறாளா என்று எதுவும் தெரியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் நானும் மாத்திரை போடவில்லை. யாரும் கேட்காமல் எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் அடித்தது. சேத்தியாத்தோப்பில் ஒரு கடையில் ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டு, மாமா எடுத்து வந்த போன்.

"அக்கா, எப்பிடியிருக்க?"

"நலம்னு சொல்லட்டுமா, நெசத்தச் சொல்லட்டுமா?"

"நெசத்தச் சொல்லு."

"ஓடு பூரா போயிட்டுது. முந்திரி ஒண்ணு நிக்கல. தென்ன மரம் சாஞ்சிட்டுது, தகராறு தீந்துபோச்சு. மாத்திர மட்டும் முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தேன், ஒரு நாளும் விடல. நீ?"

"போட்டேங்க்கா."

"பொய்யி." ஒரு மூச்சு விட்டாள். "நலம்னு ஊருக்கே அச்சடிச்சவன்தான நீ."

சுமதிக்குக்கூட நான் சொன்னதில்லை. "உனக்கு யாரு சொன்னது? அச்சகத்துக்காரரா?"

"எவனும் சொல்லல. என் ராசிக்கு வருஷம் பூரா நலம்னு எந்த ஜோசியன்டா போடுவான்? கப்பலேறுன நாள்லேந்து நலம் நலம்னு எழுதுனது நீதான. மொத மாசமே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா மாத்திரைய எடுத்து வச்ச?"

"ஜோசியன் சொல்லியிருந்தா நம்பியிருக்கமாட்டேன்டா. என் தம்பி சொல்றான்னுதான் நம்புனேன்."

அந்தப் பக்கம் காற்றோ மழையோ ஏதோ ஒன்று இரைந்துகொண்டிருந்தது.

"சரி, மாத்திரைய எடு. போடு" என்றாள்.

எடுத்தேன். தண்ணீரும் எடுத்தேன். மாத்திரை இன்னும் கையில்தான் இருந்தது.

"என்னாடா," என்றாள் அக்கா, "சத்தத்தையே காணோம்."